பந்தியில் இடது கை

குளிப்பாட்டி முடித்ததும், தாண்டவராயனின் வலது கையைத் துடைப்பதற்காகப் பாஞ்சாலி அவருடைய விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உயிரோடு இருக்கும்போதே பிரியாத விரல்கள் இப்போதா பிரியும்? துண்டை உதறிப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

போன வருஷம் கொல்லையில் மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது புருஷனுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உயிர் மட்டும் மிஞ்சியது. ஊட்டினால் சாப்பிட மாட்டார். "நான் என்னா கைக்கொழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அப்ப இந்தக் கையால துன்னுய்யா" என்று அவள்தான் அவருடைய இடது கையை இழுத்துத் தட்டில் வைத்தாள்.

கால் கழுவ மட்டுமே பழகிய கை. வாயருகே வந்தாலே அவருக்குக் குமட்டும். சோறு மூக்கில் அப்பும், மடியில் கொட்டும். ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தார். சுவரில் குழம்பு வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை அவள். இன்னொரு தட்டில் சோறு போட்டாள்.

"எத்தினி தட்டு வேணா வீசு. நான் போட்டுக்கினேதான் இருப்பேன்."

அன்றைக்கு இரண்டு பேருமே அழுதார்கள். முதலில் கேப்பைக் களி கைக்கு வசப்பட்டது. பிறகு மோர்ச்சோறு. கடைசியில், இலையில் ரசம் ஓடாமல் சோற்றால் அணைகட்டி, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு முடித்து அவளைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

வைகாசியில் திண்டிவனத்தில் அவருடைய அண்ணன் தேவநாதனின் மகளுக்குக் கல்யாணம். யாரும் கைபிடித்துக் கூப்பிடாமல் தாண்டவராயன் தானாகவே பந்தியில் போய் உட்கார்ந்தார். இரண்டு வாய் உள்ளே போயிருக்கும். வீடியோக்காரனின் விளக்கு அந்த வரிசைக்குத் திரும்பியது. தேவநாதன் ஓடிவந்தார்.

"ஏண்டா, இத்தினி பேரு பாக்கறாங்க. சம்மந்தி ஊட்டுக்காரங்க முன்னாடி பீச்சாங்கையால துன்னுவாங்களா? எழுந்து உள்ளாற போ, ஜல்தி!"

எழுந்தார். இலை பாதியில் கிடந்தது.

மறுநாள் தட்டை வைத்தாள். இடது கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். ஊட்டிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டார். கெஞ்சினாள், திட்டினாள், காலில் விழுந்தாள். கஞ்சித் தெளிவுக்கு மேல் எதுவும் இறங்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார். டாக்டர் என்னென்னவோ சொன்னார். எது கொன்றது என்று பாஞ்சாலிக்குத் தெரியும்.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்க" என்று பங்காளி சக்கரபாணி குரல் கொடுத்தார்.

முதல் ஆளாக வந்தவர் தேவநாதன்தான். "தம்பி, என்னை உட்டுட்டுப் பூட்டியேடா!" என்று வந்ததிலிருந்து தெருவே கேட்க அழுதுகொண்டிருந்தார். தாம்பாளத்திலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தார்.

பாஞ்சாலி புருஷனின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"கைய எடும்மா. நேரம் ஆவுது" என்றார் சக்கரபாணி.

அவள் தேவநாதனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தினி பேரு பாக்கறாங்களே மாமா. உள்ளாற தூக்கினு போய்ப் போடலாமா?"

அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. தேவநாதன் குனிந்தபடியே இருந்தார். அவர் விரலிடுக்கிலிருந்து அரிசி தம்பியின் நெஞ்சில் சிந்திக்கொண்டிருந்தது.