முன்சக்கரத்துக்கு உடைத்த தேங்காய்

அன்று காலை மட்டும் அம்மா மூன்று தடவை போன் எடுத்தாள். "புது வண்டி. தேங்கா ஒடைக்காம ஏறாத புள்ள, சொல்லிப்புட்டேன்." அது வண்டியில்லை, பன்னிரண்டு பேர் ஏறுகிற விமானம் என்றால் என் அம்மா அழகம்மாவின் மண்டையில் ஏறுமா? அப்பா தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டிய காலத்தில் டயர் மாற்றினால்கூட அவளுக்குத் தேங்காய் உடைத்தாக வேண்டும். தொல்லை தாங்காமல் நானும் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் கம்பெனியின் சின்ன ஓடுதளம் தம்புள்ளைக்குப் பக்கத்தில். அந்த விமானத்துக்கு நான் ஒருத்திதான் பணிப்பெண். கப்டன் ஜவாஹிரும் துணை விமானியும் அலுவலகத்துக்குள் போன நேரம் பார்த்து, முன்சக்கரத்துக்கு நேரே நின்று ஓங்கிப் போட்டேன். சிதறிப் போயிற்று. பிறகுதான் புத்தி வந்தது. விமானம் ஓடுகிற தரையில் ஒரு ஆணிகூடக் கிடக்கக் கூடாது என்று பயிற்சியில் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னார்களே! பதறிப்போய்ப் பொறுக்கினேன். அதற்குள் பயணிகள் வந்துவிட்டார்கள். உள்ளங்கை அளவு ஓட்டுத் துண்டு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. புல்லுக்குள் போயிருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பயணிகள் ஒன்பது பேர். முதல் இருக்கையில் மாத்தளை டவுன் ஸஜீதா, ஏழு மாதக் கர்ப்பிணி. கணவரோடு கொழும்புக்கு வைத்தியரைப் பார்க்கப் போகிறார்.

சக்கரம் தரையை விடுகிற நேரத்தில் காலுக்கடியில் 'டொம்' என்றது. விமானம் ஒரு தடவை உதறிவிட்டு மேலே ஏறியது.

"யா அல்லாஹ்! என்ன மிஸ் சத்தம் அது?" ஸஜீதா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, இருங்க" என்றேன்.

விமானிகளுக்கும் எங்களுக்கும் நடுவில் கதவு கிடையாது. கப்டன் பேசுவது கேட்டது. "குருவி அடிச்சிருக்கு போல. எஞ்ஜினுக்குள்ள போயிருந்தா பெரிய கஷ்டம். உடனே திரும்பி இறங்குவோம். ஓடுதளம் நீளம் கட்டை, இறங்கின கையோட பிரேக்கை நல்லா அமுக்கணும்."

எனக்கு அந்தத் தேங்காய்த் துண்டுதான் ஞாபகம் வந்தது. வெடித்தது முன் டயர் என்றால்? பிரேக்கை அமுக்கினால் பாரம் முழுக்க முன்னுக்கு வரும், மூக்குத் தரையில் குத்தும், கவிழ்ந்தாலும் கவிழும். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் வேலை போய்விடும். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த ஒருத்தி இந்த யூனிபோர்மைப் போட எத்தனை பேரிடம் எத்தனை பேச்சு வாங்கினாள் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு நிமிடம் பேசாமலே இருந்தேன். இன்றைக்கும் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸஜீதா கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னுக்குப் போனேன்.

"சேர், குருவி இல்ல. முன் டயரா இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில அந்தச் சக்கரத்துக்கு முன்னால தேங்கா ஒடைச்சேன் சேர். ஒரு துண்டு கெடைக்கல."

கப்டன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பாதி செத்துவிட்டேன். துணை விமானி, எஞ்ஜின் அளவு காட்டுகிற முள்ளெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

"ஹம்சிகா, மத்தத இறங்கிப் பேசுவோம். முன்னுக்கு இருக்கிறவங்கள பின்னுக்கு அனுப்புங்க. மூக்கைத் தூக்கிப் புடிச்சே இறக்கணும். பிரேக்கைத் தொடக்கூடாது" என்றார் கப்டன்.

ஸஜீதாவைக் கைத்தாங்கலாகக் கடைசி இருக்கைக்குக் கொண்டுபோய், வயிற்றுக்குக் கீழே பெல்ட்டை இறுக்கினேன். அவர் என் கையை விடவில்லை. விமானம் சரிந்து திரும்பியதில் குளமும் வயலும் ஜன்னல் முழுக்க ஏறி வந்தன. "தலையைக் குனிங்க!" என்று கத்திவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

பின்சக்கரங்கள் தொட்டன. மூக்கு அந்தரத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், மாரியம்மா! பிறகு விழுந்தது. தரையைக் கிழிக்கிற சத்தம், கருகின ரப்பர் நாற்றம். விமானம் ஓரமாக இழுபட்டு, புல்லில் இறங்கி நின்றது. ஒன்பது பேரும் நடந்தே இறங்கினார்கள்.

கப்டன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, கிழிந்த டயருக்குள்ளிருந்து எதையோ குறட்டால் பிடுங்கினார். விரல் நீள இரும்பு போல்ட். பயணிகளின் பெட்டிகளை ஏற்றிவருகிற எங்கள் கம்பெனி வண்டியில் கழன்றது. என் தேங்காய்த் துண்டு, நாங்கள் விமானம் ஏறின இடத்துக்குப் பக்கத்துப் புல்லிலேயே கிடந்தது. காகம் ஒன்று கொத்திக்கொண்டிருந்தது.

"அப்ப என் மேல தப்பு இல்லையே சேர்?"

"டயருக்கு இல்ல. ஆனா தேங்கா ஒடைச்சீங்களே. நான் எழுதத்தான் வேணும். நீங்க வந்து சொன்னதையும் எழுதுவேன்."

இரண்டையும் எழுதினார். கம்பெனிக்காரர்கள் முதலாவதை மட்டும் படித்தார்கள் போலும். பின்னேரமே என்னை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் கொடுத்தார்கள். பெட்டி வண்டிக்குப் பொறுப்பானவருக்கு ஒரு கடிதமும் இல்லை!

வீட்டுக்குப் போக ஏறின மாத்தளை பஸ் நாவுலையைத் தாண்டும்போது அம்மா போன் எடுத்தாள். டயர் வெடித்ததை மட்டும் சொன்னேன்.

"பாத்தியா? தேங்கா ஒடைச்சதாலதான் தப்பிச்சிருக்க!"

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. திட்ட வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் துண்டு காணாமல் போகாவிட்டால் முன் டயர் என்ற நினைப்பு யாருக்கு வந்திருக்கும்? கப்டன் பிரேக்கை அமுக்கியிருப்பார். ஸஜீதா பிடித்த இடம் மணிக்கட்டில் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப நாளைக்கும் ஒண்ணு கொண்டு போ புள்ள. நல்ல காயா பாத்து வச்சிருக்கேன்."

"நாளைக்கு வேலையில்லம்மா" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.