தாண்டவராயனின் வலது காது

1

இந்தக் கதை கோபத்தில் வந்தது. போன வாரம் உத்திரமேரூர் டீக்கடையில் மடத்துக் காரியஸ்தன் பஞ்சாட்சரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குருபூஜைக்கு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்களாம்.

"பெரியவரே, தாண்டவராயனுக்கு குருசாமி உபதேசம் பண்ணப்போ கூட இருந்தது நீங்கதான. பேச்சு போன சாமியோட வாய் அன்னிக்குத் தொறந்துதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

"நீயுந்தான் இருந்த. நீயே எழுது."

"நான் எழுதினா மடத்து ஆளு எழுதறான்னுவாங்க. நீங்க எதையும் நம்பாத ஆளு. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். அவன் கேட்டதை எழுதவில்லை. இதை எழுதுகிறேன்.

2

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதினேன்.

"விரல் நிறைய மோதிரம் போட்ட வேதகிரி சாமி பல்லக்கில்—"

அடித்துவிட்டேன். அந்தக் குருசாமிக்கு மோதிரமும் கிடையாது, பல்லக்கும் கிடையாது. மர நாற்காலியில் மூங்கிலைக் கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். [அவரைத் திருடனாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். நான் அவரை நம்பினதில்லை. ஆனால் எவ்வளவு நோட்டம் விட்டும் ஒரு திருட்டும் அகப்படவில்லை.]

"கருணைக் கடலான நம் குருநாதர்—"

இது பஞ்சாட்சரம் எழுத வேண்டியது.

"தாண்டவராயனுக்குக் கருவாடு பிடிக்கும்."

இது நிஜம். இருக்கட்டும்.

3

தாண்டவராயனுக்குக் கருவாடு பிடிக்கும். வினை அங்கேதான். அவன் மானாம்பதியில் பயிர் வைத்தவன், என் சித்தப்பா மகள் பவளத்தின் புருஷன். மடத்தில் உபதேசம் வாங்கினால் அன்றோடு கவுச்சியை விட்டுவிட வேண்டும். வருஷா வருஷம் சாமி கூப்பிடுவார். வருஷா வருஷம் இவன், "இந்த அறுப்பு முடியட்டும் சாமி" என்பான்.

ஒரு தரம் சாமி சிரித்துவிட்டார். "நீ வராட்டிப் போ. நீ போற அன்னிக்கு நான் வந்து காதுல சொல்றேன்."

"அப்ப சரி சாமி. அதுவரிக்கும் கொழம்பு கொதிக்கட்டும்."

அப்புறம் சாமிக்கு வாதம் அடித்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு பேச்சு அடியோடு போயிற்று. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் தாண்டவராயன் படுத்தான். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். (எழுதத் தெரிந்தவன் இதைப் பேச்சோடு பேச்சாக நுழைத்திருப்பான். எனக்கு வராது.) உபதேசம் வாங்கினவனை அந்த மடத்தார் எரிப்பதில்லை. அவன் கழனியிலேயே குழி வெட்டி, உட்கார்ந்த வாக்கில் இறக்கி, விபூதி கொட்டி மூடுவார்கள். குருவின் அருள் அவனைப் பிடித்துக்கொண்டது, இனி அவனுக்குப் பிறவி இல்லை என்பது நம்பிக்கை. வாங்காதவனுக்கு விறகு. அவன் மறுபடி பிறந்து இதே பாட்டைப் பட வேண்டும்.

பவளம் அதை நினைத்துத்தான் அழுதாள். அவன் சாவதற்கு அழவில்லை. அந்த வலியைப் பார்த்தவர்கள் எவரும் சாவதற்கு அழுதிருக்க மாட்டார்கள்.

4

யாரும் கூப்பிடாமல் சாமியின் நாற்காலி வாசலில் இறங்கியது. [பஞ்சாட்சரம் போய்ச் சொல்லியிருப்பான் என்பது என் சந்தேகம். அது போகட்டும். பேச முடியாத மனுஷன் எதற்கு வந்தார்? இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி இரண்டு நாள் யோசித்தேன். வாக்குக் கொடுத்ததனாலா, தனக்குப் பேச்சு வந்துவிடும் என்று நினைத்தாரா? அவர் மனசுக்குள் போகத் தெரியவில்லை. வெளியிலேயே நிற்கிறேன்.]

தாண்டவராயனை நிமிர்த்தி என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். வலிக்குப் பிடித்த கட்டில் கயிற்றை அவன் கை ராத்திரியிலிருந்து விடவேயில்லை. சாமியை அவன் வலது பக்கம் உட்கார வைத்தார்கள்.

"அது கேக்காத காது" என்றேன். "தேருக்கு வுட்ட அதிர்வேட்டுல போச்சு. இந்தப் பக்கம் கூட்டியா."

"உபதேசம் வலது காதுலதான்" என்றான் பஞ்சாட்சரம். "ஒங்க இஷ்டத்துக்கு மாத்த இது இன்னா தண்ணி மடையா?"

மந்திரம் வெளியே கேட்கக் கூடாது என்று எங்கள் மூன்று தலையையும் சேர்த்து ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். பேச்சு வராத வாய், கேட்காத காது, நடுவில் நம்பாத நான்.

உள்ளே நான் கேட்டது மூச்சு மட்டும்தான். சாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது. எச்சில் ஒழுகியது. வார்த்தை வரவில்லை. திரும்பவும் முயன்றார். வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் தன் நெற்றியை அவன் காதின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

கட்டில் கயிற்றைப் பிடித்திருந்த கை விட்டது.

(இந்த வரியை அடித்து, திரும்ப எழுதி, திரும்ப அடித்திருக்கிறேன். வைத்தால் அருள் என்பீர்கள். எடுத்தால் நான் பொய்யன். சாகிற உடம்பு தானாகவே பிடியை விடும் என்று கம்பவுண்டர் சொன்னார். அதையும் இதோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

5

மறுநாள் காலையில் கழனியில் பாதிக் குழி வெட்டியாகிவிட்டது. வாசலில் வண்டி நிறைய விறகு நின்றது. குழிக்குச் சொன்னது பவளம். விறகு கொண்டுவந்தவன் மகன் முத்துவேல்.

"ஊமையா கீற மனுசன் காதுல இன்னாத்த சொல்லியிருப்பாரு?" என்றான் அவன். "கழனில பொணத்த ஒக்கார வச்சிட்டா நாளைக்கு எவன் அதுல ஏர் வுடுவான்?"

"மறுபடி பொறந்து அந்த வயித்து வலியப் படணுமாடா ஒங்கப்பன்?"

"அது நடக்கும்போது பாத்துக்கலாம்."

அவள் அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அண்ணா, துணிக்குள்ள நீதான் இருந்த. நீ எனக்காவ பொய் சொல்ல மாட்ட. சாமி சொன்னாரா, இல்லியா?"

6

முடிவு ஒன்று. "சொன்னார்" என்றேன். குழிக்காரன் மண்வெட்டியை எடுத்தான்.

முடிவு இரண்டு. "இல்லை" என்றேன். முத்துவேல் வண்டியை அவிழ்க்கப் போனான். பவளம் அப்புறம் என்னோடு—

முடிவு மூன்று. நடந்ததை நடந்தபடி சொன்னேன். "மூச்சுதான் மந்திரமா?" என்றான் மகன். "நெத்திய வச்சாரா, நெத்திய வச்சாரா" என்று இரண்டு தரம் கேட்டாள் தாய். ஆளுக்கு வேண்டியதை ஆளுக்கு எடுத்துக்கொண்டு, திரும்பவும் என் வாயையே பார்த்தார்கள்.

இதில் ஒன்று நடந்தது. எது என்று எழுத மாட்டேன். எழுதினால் என்னைப் பஞ்சாட்சரத்தின் பக்கத்திலோ முத்துவேலின் பக்கத்திலோ உட்கார வைத்துவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள்.

துணிக்குள் பார்த்ததில் ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த அவ்வளவும் உங்களுக்கும் தெரியும். நீங்களும் உள்ளே இருந்தவர்தான்.

வெயில் ஏறிவிட்டது. பிணத்தை ஈ மொய்க்கிறது. குழி பாதியில் நிற்கிறது. விறகு இன்னும் இறக்கவில்லை. பவளம் என்னைத் தாண்டி வந்து உங்கள் எதிரில் நிற்கிறாள்.

"நீ சொல்லு நைனா. சொன்னாரா, இல்லியா?"