கடைக்குள் அடங்காத நாற்காலி

துணியில் கத்தரி வைக்கும் முன் காகிதத்தில் வெட்டிப் பார்க்காவிட்டால் தையல்காரிக்கு மனம் ஆறாது. வங்கி கேட்ட தொழில் திட்டத்தையும் அவள் அப்படித்தான் தொடங்கினாள். வாடகைக்குப் பேசியிருந்த கடையை அளவு சுருக்கிக் காக்கித் தாளில் வரைந்தாள். தையல் மிஷின், இஸ்திரி மேஜை, உடை மாற்ற ஒரு மறைப்பு என்று துண்டு துண்டாக வெட்டி அதன்மேல் வைத்தாள். எல்லாம் கச்சிதமாக அடங்கின, அத்தானின் நாற்காலியைத் தவிர.

அத்தான், அவளுடைய அக்காவின் கணவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைப் பேச்சு எழுந்த அன்றே, அவர் கல்லாவில் உட்காருவார் என்று அக்கா அறிவித்துவிட்டாள். அக்கா சொன்னால் சொன்னதுதான், அப்பீலே கிடையாது. அவரும் தங்கமான மனிதர்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கால்சட்டையைச் சுருக்க வருகிறவர்கள் ஊர்க்கதை கேட்டுவிட்டுப் போவார்கள்.

மறுநாள் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். அவரைச் சேர்த்தால் இஸ்திரி மேஜைக்கு இடமில்லை. மேஜை இல்லாமல் அது என்ன தையல் கடை? சேர்க்காவிட்டால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. மேஜையைப் பாதியாகக் கத்தரித்தாள். அப்போதும் நாற்காலி வாசலுக்கு வெளியேதான் நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்தா அத்தான் வர வேண்டும்! ஒளிக்க நேரமில்லை. 'அத்தான்' என்று அவள் எழுதியிருந்த நாற்காலித் துண்டு வெளியே கிடந்தது. அதை அவர் விரலால் தொட்டார்.

"இது நானாம்மா?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "எப்படி வச்சுப் பாத்தாலும் இடிக்குது அத்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரெல்லாம் நடந்த காலாம், ஓரிடத்தில் உட்கார்ந்தால் பைத்தியமே பிடித்துவிடுமாம். மாட்டேன் என்றால் மச்சினி மனம் நோகுமே என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாராம். அந்த வாயை!

அப்பாடா! அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வெட்டிய மேஜையைப் பசை தடவி ஒட்டினாள். தைத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அதையும் திட்டத்தில் எழுதினாள்.

கிளம்பும்போது அவர் காகித நாற்காலியைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"உங்க அக்கா கேட்டா, அளந்து பாத்தாச்சு, அடங்கலன்னு இதக் காட்டிடறேன்."