பத்துக்குப் பன்னிரண்டு, வசிப்போர் எட்டு

1

இந்தக் கதை ஒரு தகரப் பெட்டியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வடசென்னையில் நான் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர், தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க அந்தப் பெட்டியைத் திறந்தார். குழாய்ப் படம் கிடைக்கவில்லை. பழைய அம்மோனியா பிரிண்ட் ஒன்று கிடைத்தது, டிரேசிங் தாளில் வரைந்த படத்தின் நகல். பழவேற்காடு, லைட்ஹவுஸ் குப்பம், மீனவர் குடிசை ஒன்றின் தரைப்படம், 1979. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடியில், ‘வசிப்போர் 8, சௌகரியமாக.’ மூலையில், ‘வரைந்தது: லத்தீபா.’

எங்கள் வீடுகளும் பத்துக்குப் பன்னிரண்டுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘ஏரியின் மேல் இளஞ்சூரியன் தன் பொற்கரங்களை…’ வேண்டாம். லத்தீபா படகில் அக்கரை போய் இறங்கியபோது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இரண்டாவது: ‘மனிதனுக்கு எவ்வளவு இடம் தேவை என்ற கேள்வி ஆதிகாலம் முதல்…’ எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது: லத்தீபா அளவு டேப்பின் ஒரு நுனியைக் குடிசைக்காரி செல்வம்மாளிடம் கொடுத்து, சுவரோரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

இது தேவலை.

3

லத்தீபா சென்னையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் படம் வரைபவள். சொந்த ஊர் பழவேற்காடு. அதனால்தான் குடிசையை அளந்து வர அவளை அனுப்பினார்கள். ஊர்க்காரி, விஷயம் தெரிந்தவள் என்று. உண்மையில் அவள் வளர்ந்தது நடுமுற்றம் வைத்த பெரிய வீட்டில். (அலுவலகத்தில் இதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.) குப்பத்தை அவளுக்கு மீன் வாங்கிய அளவில்தான் தெரியும்.

செல்வம்மாள் டேப்பைப் பிடித்தாள். பனையோலைச் சுவர், குனிந்து நுழையும் வாசல், மூலையில் அடுப்பு, மேலே பரண். எல்லாவற்றையும் லத்தீபா சுத்தமாகக் குறித்துக்கொண்டாள். கடைசியாக, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். செல்வம்மாள் விரல் விட்டாள். தானும் இரண்டு மகள்களும், புருஷன் தேசப்பன், இரண்டு மகன்கள், மாமனார், கொழுந்தன். எட்டு.

லத்தீபா எட்டு என்று எழுதினாள். ‘சௌகரியமாக’ என்று அப்போது அவள் எழுதவில்லை. அது பிறகு வந்தது.

4

கங்காதரன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். லத்தீபாவின் மேலதிகாரியான அவரை முதல் பிரதியில் வில்லனாக்கினேன், பைப் எல்லாம் புகைக்க வைத்தேன். ஒட்டவில்லை. ஆளை நல்லவராகவே விட்டுவிட்டேன்.

சிமெண்டுக்கு பர்மிட் வாங்கி நடையாய் நடந்த காலம் அது. பட்டணத்து நடைபாதைக் குடும்பங்களுக்குச் சின்ன வீடுகள், அதுவும் அதிகம் சிமெண்டு தின்னாத வீடுகள் கட்ட வேண்டும் என்று கங்காதரன் சொல்லிக்கொண்டிருந்தார். கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, எதிரெதிராகக் காற்றுவழி, சாமானுக்குப் பரண். மின்விசிறியே வேண்டாத வீடு. ஒவ்வொன்றும் நல்ல யோசனை. (எங்கள் கட்டடத்தில் காற்றுவழி இன்றும் வேலை செய்கிறது. மே மாதத்தில் அவரை வாழ்த்துகிறேன்.) லத்தீபாவின் படத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எட்டுப் பேர் நூற்றிருபது சதுர அடியில் காலங்காலமாக வாழ்கிறார்கள் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்? ‘சௌகரியமாக’ என்று சேர்க்கச் சொன்னார். அதோடு எட்டுப் பேர் படுக்கும் இடத்தையும் புள்ளிக்கோட்டில் காட்டச் சொன்னார்.

5

லத்தீபா எட்டுப் பேரைப் படுக்க வைத்துப் பார்த்தாள். அடுப்பையும் குடத்தையும் விட்டால் ஆறு பேருக்கு மேல் கொள்ளவில்லை. ஏழாவது ஆளின் கால் வாசலுக்கு வெளியே போயிற்று. எப்படித்தான் படுக்கிறார்கள் என்று கேட்க மறுபடி குப்பத்துக்குப் போனாள்.

கருவாடு திருப்பிக்கொண்டிருந்த செல்வம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆம்பளைகள் எவன் உள்ளே படுப்பான் என்றாள். தேசப்பனும் பையன்களும் படகண்டை, மணலில். மாமனார் வலைக் கொட்டகையில். கொழுந்தன் கோயில் பக்கம். உள்ளே அவளும் மகள்களும் மட்டும்.

“அப்போ எட்டுப் பேருனு சொன்னீங்களே, அக்கா?”

“எத்தினி பேருனு தானம்மா கேட்ட. ஒலைக்கு எட்டுப் பேரு. நாங்க அப்படித்தான் எண்ணுவோம்.”

லத்தீபாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவள் வீட்டில் கூரைக்குக் கீழே இருப்பவர்களைத்தான் எண்ணுவார்கள். குப்பத்தில் ஒரே உலைச் சோறு தின்பவர்களை எண்ணுகிறார்கள். டேப் பிடித்த நேரத்தில் இதைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

“மழை வந்தா எல்லாரும் உள்ளதானே?”

“வருவாங்க. படுக்க ஏது எடம்? குந்திகினு இருப்போம். விடிஞ்சா போச்சி.”

6

(இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். ஒரு தடவை லத்தீபா மேசையைத் தட்டிப் பேசினாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

மறுநாள் மதியம் படம், வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன் போக வேண்டும். லத்தீபா காலையிலேயே கங்காதரனிடம் நடந்ததைச் சொன்னாள். மூன்று பேர் வீடு, அதுவும் வெளியே ஒரு கடற்கரை இருப்பதால் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுக்கு மூன்று பேர் என்றால் திட்டம் அன்றைக்கே செத்துவிடும் என்றார்.

“பெரிசா கேட்டா ஒண்ணுமே தர மாட்டாங்க, லத்தீபா. இப்ப அவங்க பிளாட்பாரத்துல படுத்திருக்காங்க. அதையும் யோசிங்க.”

அவர் அவளை மிரட்டவில்லை. படத்தில் இருப்பது அவள் பெயர்தான், அவளே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. மேசையில் டிரேசிங் தாள், மசிப் பேனா, சுரண்டும் பிளேடு. எட்டைச் சுரண்டிவிட்டு மூன்று எழுத ஒரு நிமிடம் போதும். லத்தீபா பிளேடை எடுத்து

7

இங்கே நிறுத்திவிட்டேன். அவள் எட்டை அப்படியே விட்டுவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன். மூன்று என்று திருத்தி, குழு படத்தைத் தள்ளிவிட்டதாக இன்னொன்று. இரண்டாவது முடிவில் எனக்கு வீடே கிடையாது. கிழித்துப் போட்டேன்.

பிரிண்டில் ஒன்று இருக்கிறது. டிரேசிங் தாளில் சுரண்டிய இடத்தில் மறுபடி எழுதினால் மசி லேசாகக் கசியும். படத்தில் எல்லா எண்களும் கம்பிபோல் நிற்கின்றன. அந்த 8 மட்டும் ஊறிப்போய், தடித்து இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு எண் சுரண்டப்பட்டிருக்கிறது. பிறகு யாரோ அங்கே எட்டு எழுதியிருக்கிறார்கள்.

யார் என்று எனக்குத் தெரியாது. கங்காதரனாக இருக்கலாம். மூன்று என்று எழுதிய லத்தீபாவே, நடைபாதையை நினைத்துத் திரும்பவும் சுரண்டியிருக்கலாம். கதை எழுதுபவன் நான், இஷ்டப்படி ஒரு கையை அங்கே வைத்துவிடலாம். வைக்க மாட்டேன். யார் கையை வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், எதை வைத்து எண்ணுகிறீர்கள் என்பதையும்.

எங்கள் வீட்டில் உலைக்கு ஏழு பேர். மழை பிடித்துக்கொண்டுவிட்டது, மொட்டைமாடியில் படுப்பவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். இந்தக் கடைசிப் பக்கத்தைப் படிக்கட்டில் குந்திக்கொண்டு எழுதுகிறேன்.