நீதிபதியின் மேல்வரிசை

பல் செட் செய்கிற கூடத்தில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பொக்கை வாய்க்காரர்களுக்கு வரிசையாகப் பல் அடுக்கிக் கொடுப்பது என் தொழில். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கருத்துச் சொல்வது என் குணம். முதலாவதற்குச் சம்பளம் தருகிறார்கள். இரண்டாவதை இத்தனை காலமாக இலவசமாகவே செய்துவருகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் ஒன்றாக உட்காருவோம். பத்தொன்பது வருடப் பழக்கம். அச்சு வார்க்கிறவனை மச்சான் என்போம். எனக்கு அவன் ஒரு உறவும் இல்லை. எல்லாரையும் அவன் அப்படிக் கூப்பிடப் போய் அதுவே அவன் பெயராகிவிட்டது. காலை பத்து மணிக்கே புருவம் வரை வெள்ளை மாவு அப்பியிருக்கும். அடுத்தவர் பாலிஷ் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். நாங்கள் சொரசொரப்பாகத் தள்ளிவிடுகிற செட்டை, சுழலும் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி அனுப்புவார். எனக்கு அவர்கள் வைத்த பெயர் நீதிபதி. பெருமையாகத்தான் வைத்தார்கள் என்று ஐந்தாறு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

விடுமுறை நெருங்கினால் எங்கள் பேச்சு பலகாரத்தைத் தாண்டாது. மச்சானுக்கு எதுவும் மறுநாள், ஆறி அவலாய்ப் போன பிறகுதான் ருசி. விடுமுறைச் சமையல் என்பது பெண்களின் இடுப்பு வலிக்கு இன்னொரு பெயர் என்பது அக்காவின் கட்சி. அப்படிச் சொல்லிக்கொண்டே வருடா வருடம் ஒரு டப்பா நிறையப் பாதாம் வில்லை செய்து வருவார். கருக்கிய சர்க்கரைப் பாகில் முழுப் பாதாமைப் போட்டு இறுக்கியது. பல்லுக்கடியில் படார் என்று உடையும். நான் கண்ணை மூடி மென்று தீர்ப்புச் சொல்வேன். சத்தம் வராத பண்டத்துக்கு விடுமுறையில் இடமில்லை என்பது என் பழைய தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடே கிடையாது என்று எகத்தாளமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஏழு மாதத்துக்கு முன்னால் மேல்வரிசை முழுவதும் போய்விட்டது. ஈறு கெட்டு ஒவ்வொன்றாக ஆடி, கடைசி ஆறையும் டாக்டர் ஒரே வாரத்தில் பிடுங்கினார். கூடத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு லீவு போட்டேன். ஊருக்கே பல் கட்டுகிறவனுக்குப் பல் இல்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அது இப்போது தெரிகிறது.

எங்கள் கூடத்தில் ஒரு செட் நாலு கை தாண்டித்தான் வெளியே போகும். அச்சு ஒருவர், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிற கடியைப் பார்க்க ஒருவர், பல் அடுக்க ஒருவர், பாலிஷ் ஒருவர். ஒருவர் விட்ட தப்பை அடுத்தவர் பிடிப்பார். நானோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். கண்ணாடி முன்னால் நின்று என் வாய்க்கு நானே அளவு எடுத்தேன். ஈறு ஆறட்டும் என்று டாக்டர் சொன்னதைக் காற்றில் விட்டேன். சாயங்காலத்துக்குள் செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். வாலிபம் திரும்பிவிட்டதாகவே பட்டது. கடிதான் இடது பக்கம் முன்னாடியே முட்டியது. வாரம் போகப் போக ஈறு வற்றி, செட் ஆட ஆரம்பித்தது. வேறு எவனாவது இப்படி ஒரு செட்டைக் கொண்டுவந்திருந்தால், பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன்.

"சொல்லிட்டா என்ன குறைஞ்சு போயிடுவீங்க? அவங்க தொழிலே அதுதானே," என்றாள் மனைவி. அதனால்தான் சொல்ல முடியாது என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கும்போதே செட் கழன்று கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது.

பல்லோடு சேர்ந்து என் கருத்தும் மாறியது. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வயிற்றுக்கு மென்மையே நல்லது என்றேன். ஆப்பிளை வேகவைத்துத் தின்பதுதான் நாகரிகம் என்று பத்து நிமிடம் பேசினேன். மச்சான் என்னையே பார்த்தான். அக்கா தன் பங்கு சூப்பை என் பக்கம் நகர்த்தினார். என் வாதத்தில் மயங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

விடுமுறைக்கு முந்தின நாள் அக்கா பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார். ஒரு வில்லையைக் கடித்தால் செட் இரண்டாகிவிடும், கடிக்காவிட்டால் மாட்டிக்கொள்வேன். அவர் மூடியில் கை வைப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"எதுக்குக்கா இன்னமும் இந்தக் கருங்கல்லு? பத்தொம்பது வருஷமா உங்க முகத்துக்காகத் தின்னாச்சு. போதும், விட்டுடுங்க."

அக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை. பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, சக்கரத்துக்கு வேலை இருக்கிறது என்று எழுந்துபோனார். தப்பித்தேன் என்று முதலில் பெருமூச்சு விட்டேன். என் வாய்க்கொழுப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

விடுமுறை முடிந்து வந்தபோது அவர் எங்களோடு உட்காரவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டார். மறுநாளும் அப்படித்தான். நான் போய் வானிலையைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னேன். சக்கரத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டார். நாலாம் நாள் மச்சான் என்னை அச்சு மேசைப் பக்கம் இழுத்துப் போனான். அக்கா முதலாளியிடம் மாற்றல் கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை முதல் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கிளைக்குப் போகிறார் என்றான்.

"என்ன நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது மச்சான். ஆனா நீ ஏதாவது சொல்லணும்னா இன்னிக்குள்ள சொல்லிடு," என்றான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் வரை இருந்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. அவர் இல்லாத மேசையை நினைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மச்சான், ஒரு பக்கம் என் கருத்துகள். பயமாக இருந்தது. எழுந்து சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றேன். வேறு வழி தெரியாமல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, அவர் மேசையில் வைத்தேன்.

அக்கா மோட்டாரை நிறுத்தினார். செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"யார் பண்ணது?"

"நான்தான்." பல்லில்லாமல் அது எப்படி ஒலித்தது என்பதை எழுத விரும்பவில்லை.

"நீயேவா? தனியாவா?"

தலையாட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஏழு மாசமா நீ வாயத் தொறந்தாலே விசில் வருது. இங்க இருக்கறவங்க காதுக்கு அது தெரியாமப் போகுமா? வேற எங்கேயோ காசு குடுத்துச் செஞ்சுக்கிட்டேனு நினைச்சேன். ஊர்ல இருக்கற வாய்க்கெல்லாம் என் கை வேணும், உன் வாய்க்கு மட்டும் ஆகாதான்னு எனக்கு அப்படி எரிஞ்சுது. சரி, அவனா சொல்லட்டும்னு இருந்தேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"இந்த வருஷம் நான் வில்லையே செய்யல. பாதாமை அரைச்சுப் பால்ல கிண்டி, நாக்குலயே கரையற மாதிரி எடுத்துட்டு வந்தேன். மூணு தடவை அடிபிடிச்சு, நாலாவது தடவைதான் பதம் வந்துச்சு. நீ டப்பாவத் தொறக்கக்கூட விடல. இத்தனை வருஷமும் முகத்துக்காகத்தான் தின்னேன்னு சொல்லிட்டே."

இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். இரண்டும் வெறும் காற்றாகத்தான் வந்தது. முப்பது வருடப் பேச்சுக்காரனுக்குத் தேவைப்பட்ட ஒரே நாளில் பேச்சு வரவில்லை. வில்லை பிடித்துத்தான் தின்றேன், பயத்தில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டேன் என்பதைக் கையாலும் காலாலும் எப்படியோ சொல்லி முடித்தேன். புரிந்ததா என்று அவர் சொல்லவில்லை. விளக்கைத் திருப்பி என் முகத்துக்கு நேரே வைத்தார்.

"வாயத் தொற."

திறந்தேன். இடது பக்கம் செட் முட்டி முட்டி ஈறு புண்ணாகிக் கிடந்தது. அதை மனைவிக்குக்கூட நான் காட்டியதில்லை. அக்கா வெகுநேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இவ்வளவு புண்ண வச்சுக்கிட்டா அத்தனை பேச்சுப் பேசினே? எத்தனை நாளா வலிக்குது?"

"முதல் நாள்லேர்ந்து," என்று எப்படியோ சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில், வேலை நேரத்தில், வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். மூக்கு வேறு ஒழுகியது.

"மூடாதே, அப்படியே இரு," என்றார் அக்கா. தன் துணியால் என் கன்னத்தைத் துடைத்தார். புண் ஆற ரெண்டு வாரம், அதுவரை இதை வாயில் வைக்கவே கூடாது என்றார். பிறகு அச்சு மேசைப் பக்கம் திரும்பினார்.

"மச்சான், ஒரு ஆர்டர் சீட்டு எடு. மேல்வரிசை, முழுசு. தேதி ரெண்டு வாரம் தள்ளிப் போடு, அதுவரைக்கும் நான் எங்கேயும் போகல. பேரு நீதிபதின்னே எழுதிக்கோ."