கணக்கில் வராத தண்ணீர்

திருப்பதி, சித்தூர் இரண்டிலும் குடிநீர் விநியோகம் எப்படி நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை பொறியாளர் தபீதாளுக்கு வந்தது. ஊருக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் எவ்வளவு வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். திருப்பதியில் கொஞ்சம்தான் குறைந்தது. சித்தூரில் கிட்டத்தட்டப் பாதியைக் காணவில்லை. சித்தூர் அவள் பிறந்த ஊர். அவளுக்கு ரோஷமாக இருந்தது.

குழாய் உடைந்திருந்தால் எங்காவது தெரு நனைந்திருக்க வேண்டும். பொட்டு ஈரம்கூட இல்லை. காலையில் தண்ணீர் விடும் நேரமாகப் பார்த்து, குழாய் ஃபிட்டர் கிரண்குமாருடன் தெருத்தெருவாக நடந்தாள். தரையில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார்கள். கங்கம்மாள் என்ற பெண்ணின் வீட்டை ஒட்டிய சந்தில், பூமிக்கடியில் அடைமழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல் கேட்டது.

"இங்க உள்ள என்னா இருக்குதுக்கா?" என்று தபீதாள் கேட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த கங்கம்மாள் நிமிர்ந்தாள்.

"பழைய கெணறும்மா. எங்க நைனா இருக்கசொல்லவே வத்திப்போச்சி. பலகைக்கல்லு போட்டு மூடிட்டோம். அதுமேலதான் தோச்சிக்கினு இருக்கறேன்."

அவள் சம்மதத்துடன் கிரண்குமாரும் பக்கத்து வீட்டு ஆட்களும் கடப்பாரை போட்டு ஒரு கல்லை நகர்த்தினார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. தபீதாள் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

கிணற்றுச் சுவரை ஒட்டிப் போன குழாய் உடைந்து, தண்ணீர் உள்ளே அருவியாக விழுந்துகொண்டிருந்தது. கீழே அகன்ற கிணறு, பாதிக்கு மேல் தண்ணீர். வெயில் உள்ளே இறங்கியதும் நீருக்கடியில் கற்படிகள் தெரிந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்து, பச்சை இருட்டில் மறைந்தன. விழுந்த தண்ணீரெல்லாம் நிறைந்து, அதற்கும் கீழே பாறை வெடிப்புகளில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை நாளும் சதவீதமாகவே பார்த்திருந்ததை நேரில் பார்த்துக்கொண்டு அவள் அப்படியே படுத்திருந்தாள். போட்டோ எடுக்கவும் தோன்றவில்லை.

"இம்மாந் தண்ணி மேலயா நான் நின்னுக்கினு இருந்தேன்?" கங்கம்மாள் அடங்கிய குரலில் கேட்டாள். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். தெலுங்கிலும் தமிழிலும் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் குழாயை மாற்றினார்கள். மறுநாள் காலை, மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் தபீதாள் காத்திருந்தாள். எப்போதும் நூலாக ஒழுகும் குழாய் இரண்டு முறை காற்றைக் கக்கியது. பிறகு பாய்ந்த தண்ணீரின் வேகத்தில், அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடம் சாய்ந்து உருண்டது. தண்ணீர் பாய்வதையே பார்த்துக்கொண்டு நின்றதில், அதை எடுத்து நிமிர்த்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.