செங்காந்தள் விழுது

ஆம்புலன்ஸிலிருந்து அப்பாவை இறக்கி, அடுகோடியில் இருந்த வீட்டின் முன்னறையில் கிடத்தினான் விஜய்குமார். முந்தாநாள் வரை முழங்கால் வலியைத் தவிர வேறு சீக்கு அறியாத மனுஷர். பேயறைந்தவன் போல நின்றான்.

“ஹார்ட்டுதானேடா?” அம்மா தனலக்ஷ்மி மறுபடியும் கேட்டாள்.

“ஆமாம்மா.”

“அப்புறம் எதுக்குடா அறுத்தானுங்க?”

“எல்லாருக்கும் அதான் ரூல்ஸ்மா.”

பொய் தடுக்காமல் வந்தது. அவனுக்கே பயமாக இருந்தது.

தங்கவயலுக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன அம்மா, வழியில் புதர்க்காட்டில் செங்காந்தள் பூத்திருக்கக் கண்டு கிழங்கைத் தோண்டி வந்திருந்தாள். பூ நெருப்பாய் எரியும், கிழங்கு விஷம். ஆனால் அரைத்துப் பூசினால் மூட்டுவலிக்கு ஆகும், தேள்கடிக்கு ஆகும் என்பார்கள். பிரசவம் கஷ்டமானால் தாயின் உள்ளங்காலில் தடவுவார்கள். “உன்னையே அதுதான்டா வெளிய தள்ளுச்சு” என்று மகனிடம் பெருமையடிப்பாள். நாக்கில் மட்டும் படக்கூடாதென்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லி, விழுதைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். அப்பா சுப்பராயன் சுரங்கத்தில் வெடிமருந்தோடு வாழ்ந்தவர். பெண்டாட்டி பேச்சுக்கா பயப்படுவார்?

முந்தாநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் வாந்தி எடுத்தபடியே மகனிடம் சொன்னார்: “மேல பூசுனா எப்போ கேக்கிறது? உள்ள போனா சட்டுனு கேக்கும்னு முழுங்கிட்டேன்டா. அம்மாகிட்ட சொல்லாத. அவ தாங்கமாட்டா.”

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவருக்குப் பேச்சில்லை.

இப்போது அத்தை ராதா வாசலிலேயே அலறிக்கொண்டு வந்தாள். “கல்லு மாதிரி இருந்தியே அண்ணா!” அம்மா அழவில்லை. ஈரத்துணியை எடுத்து வந்து காலடியில் உட்கார்ந்தாள்.

“நான் தொடைக்கிறேன்மா.”

“என் புருஷன்டா. நகரு.”

பாதங்களைத் துடைத்தாள். வேட்டியை மேலே ஒதுக்கினாள். வலது முழங்காலில் மஞ்சளோடு அரைத்த விழுது காய்ந்து பட்டையாக ஒட்டியிருந்தது. இடது முழங்காலைப் பார்த்தாள். விரலால் தேய்த்தும் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

“ரெண்டு காலுக்கும்தானே அரைச்சேன்...”

அம்மா நிமிர்ந்து மகன் முகத்தைப் பார்த்தாள். அவனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

“என்ன அண்ணி? எப்படி ஆச்சு அண்ணனுக்கு?” என்றாள் ராதா.

“ஹார்ட்டு” என்றாள் அம்மா.

துணியை நனைத்துப் பிழிந்து, அந்த வலது முழங்காலை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். விழுது உதிர்ந்தது. மஞ்சள் போகவில்லை.